சவர்க்காரத்தில் ஆரஞ்சுப் புள்ளி, வியர்வை, நிறமாற்றம்: பினாங்கு வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் சவர்க்காரம் செய்யும் நம்மவர்களிடம், ஆறப்போட்ட கட்டியில் என்ன கோளாறு வந்தாலும் ஒரே பதில்தான் இருக்கும்: "பினாங்கு ஈரம், வேறென்ன!" ஈரத்துக்குப் பங்கு இல்லாமல் இல்லை. ஆண்டு முழுக்க 24 முதல் 32 பாகை வெப்பம், 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம், செப்டம்பர் முதல் நவம்பர் வரை விடாத மழை என்று இருக்கும் ஊரில் நான்கு முதல் ஆறு வாரம் கட்டியைக் காயவைப்பது லேசான வேலை இல்லை. ஆனாலும் அதிகம் பேர் புலம்பும் ஆரஞ்சுப் புள்ளியை எடுத்துக்கொண்டால், அதன் விதி பெரும்பாலும் அச்சில் ஊற்றிய அன்றே எழுதப்பட்டுவிடுகிறது. காற்றை உலர்த்தும் கருவிக்குச் சில நூறு வெள்ளி செலவழித்த பிறகும் புள்ளி வருகிறது என்றால், காரணம் எண்ணெய்ப் போத்தலில் இருக்கிறது.

அதனால் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் முன் மூன்று சோதனைகள். முதலில் உலர்ந்த துணியால் துடையுங்கள். துடைத்ததும் போய்விட்டால் அது வியர்வை (கட்டியின் மேல் பூக்கும் நீர்) அல்லது சோடா சாம்பல் என்ற வெள்ளைத் தூள். அடுத்து முகர்ந்து பாருங்கள். பழைய முறுக்கு டின்னைத் திறந்ததும் அடிக்கும் சிக்கு வாடை வந்தால் எண்ணெய் காறத் தொடங்கிவிட்டது. கடைசியாக ஒரு கட்டியை நடுவே வெட்டுங்கள். மாற்றம் தோலோடு நிற்கிறதா, உள்ளே வரை போயிருக்கிறதா, நடுவில் மட்டும் இருக்கிறதா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். வேப்பெண்ணெய் சேர்த்த கட்டிக்கு மட்டும் மூக்கு சாட்சி செல்லாது. கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

அறிகுறி: ஆரஞ்சு அல்லது பழுப்புப் புள்ளிகள், துடைத்தால் போகவில்லை, சிக்கு வாடை

இதுதான் பெரிய தலைவலி, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். எண்ணெயைச் சவர்க்காரமாக்கும் காஸ்டிக் சோடா தொடாமல் விட்ட எண்ணெயும், கட்டிக்குள் இருக்கும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறுகின்றன. இது சங்கிலி வினை. ஓரிடத்தில் தொடங்கினால் பக்கத்துக்குப் பரவும். அதனால்தான் முதலில் ஊசிமுனை அளவில் தெரிந்த புள்ளி சில வாரங்களில் காசு அளவுக்கு விரிகிறது. வெப்பமும் வெளிச்சமும் அதை விரட்டும். இரும்பு, செம்பு போன்ற உலோகத் துணுக்குகள் நுண்ணளவில் இருந்தாலே போதும், வினை பல மடங்கு வேகமெடுக்கும்.

முதலில் புள்ளிகளின் இருப்பைப் பாருங்கள். அடுப்பங்கரைக் கம்பித் தட்டின் இடைவெளியில் வரிசையாகப் புள்ளி விழுந்திருந்தால் தட்டுதான் குற்றவாளி. மேலே பூச்சு பூசிய கம்பியானாலும் கீறல் விழுந்த இடத்தில் துரு இருக்கும். வியர்த்த கட்டி அதைத் தொட்டால் போதும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒரு துகள் தெரிந்தால் அது இலைத்தூள், ஓட்ஸ் அல்லது சட்டியிலிருந்து வந்த ஏதோ ஒன்று. ஜன்னல் பக்கத்துக் கட்டிகளில் மட்டும் வந்திருந்தால் வெயில். ஒழுங்கே இல்லாமல் எல்லாக் கட்டியிலும் சிதறி வந்திருந்தால் எண்ணெய்க் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. காறலுக்கு முதல் எரிபொருள், அந்த நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களில் இரண்டான லினோலிக் அமிலமும் லினோலெனிக் அமிலமும். கலவையிலுள்ள மொத்த எண்ணெயில் இவை இரண்டும் சேர்ந்து 15 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நடைமுறையில் நல்ல எல்லை. நம் ஊரில் கிடைப்பவற்றைப் பார்த்தால், தேங்காய் எண்ணெயில் லினோலிக் சுமார் 2 விழுக்காடு. 2 வெள்ளி 50 சென்னுக்கு விற்கும் மானிய விலைப் பாக்கெட்டில் இருக்கும் செம்பனை எண்ணெயில் சுமார் 11. நல்லெண்ணெயில் 40க்கு மேல். அரிசித் தவிட்டு எண்ணெயில் 30க்கு மேல். சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய் 60ஐ ஒட்டிப் போகும்.

தேங்காய் எண்ணெய் 40, செம்பனை 40, நல்லெண்ணெய் 20 என்று கலந்தால் மொத்த லினோலிக் சுமார் 14. தப்பித்துக்கொள்ளும். "நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சி" என்று அதை 40 ஆக்கி, செம்பனையை 20க்கு இறக்கினால் 20க்குப் போய்விடுகிறது. லெபோ பாசார் கடையில் வாங்கிய எண்ணெய் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நல்லெண்ணெய்க்கென்று சொந்தமாகக் காறல் தடுக்கும் பொருள்கள் உண்டுதான், ஆனால் காஸ்டிக் சோடாவைத் தாண்டி அவை எவ்வளவு மிஞ்சும் என்று நம்பிக் கலவையை அமைக்க வேண்டாம்.

அடுத்தது சூப்பர்ஃபேட், அதாவது சவர்க்காரமாக மாறாமல் விட்டுவைக்கும் உபரி எண்ணெய். தோலுக்கு இதம் என்று 8, 10 என ஏற்றுகிறார்கள். இந்த ஊரில் 5 விழுக்காடு போதும். லினோலிக் அதிகமுள்ள கலவை என்றால் 3க்கு இறங்கலாம். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்து 20 விழுக்காடு விடும் கட்டி மட்டும் விதிவிலக்கு. அதில் மிஞ்சும் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்றது என்பதால் எளிதில் காறாது.

தண்ணீரையும் கவனியுங்கள். பழைய வீட்டுக் குழாய்த் தண்ணீரில் இரும்பு வரலாம். மினரல் வாட்டர் போத்தலிலும் பெயருக்கேற்பத் தாதுக்கள் இருக்கும். காய்ச்சி வடித்த நீரோ, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரோ போதும். கரண்டி, சட்டி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு அல்லது பிளாஸ்டிக். செம்புப் பாத்திரம் வேண்டாம். அலுமினியம் அறவே கூடாது: காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், பாத்திரமும் போகும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் புள்ளி வந்தால் உலோகத்தைக் கட்டிப்போடும் பொருளைச் சேருங்கள். டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. தூள் ஒரு கிலோ எண்ணெய்க்கு 5 கிராம், காஸ்டிக் சோடா போடும் முன் தண்ணீரில் கரைக்க வேண்டும். அது பிடிக்காதவர்களுக்குச் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, கேக் சாமான் கடைகளில் கிடைக்கும், சிலர் எலுமிச்சை உப்பு என்பார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு 10 கிராம் போதும். ஆனால் அமிலம் தன் பங்குக்குக் காஸ்டிக் சோடாவைத் தின்றுவிடும். நீரற்ற சிட்ரிக் அமிலம் 10 கிராமுக்கு 6.2 கிராம் காஸ்டிக் சோடா கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதை மறந்தால் உங்களுக்குத் தெரியாமலே சூப்பர்ஃபேட் ஏறி, தடுக்க நினைத்த புள்ளிக்கே தீனி போட்டதாக ஆகிவிடும்.

இதோடு ரோஸ்மேரி ஓலியோரெசின் என்ற சாறும் கை கொடுக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு அரை முதல் 1 கிராம். எண்ணெய் டின்னைத் திறந்த அன்றே அதில் கலந்துவிடுவது நல்லது, காறத் தொடங்கிய எண்ணெயை அது மீட்காது. மணத்துக்காக விற்கும் ரோஸ்மேரி எண்ணெய் வேறு, இந்த வேலைக்கு அது ஆகாது. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றுவதும் அப்படித்தான், தடவும் எண்ணெய்க்குச் சரி, சவர்க்காரப் புள்ளிக்கு அதை நம்பியிருக்க முடியாது.

புள்ளி வந்த கட்டியை என்ன செய்வது? திரும்பாது. ஒன்றிரண்டு புள்ளி என்றால் கத்தியால் அகலமாகக் குடைந்து எடுத்துவிட்டு, மற்றவற்றிலிருந்து தள்ளி வைத்து, கை கழுவவோ துணி துவைக்கவோ சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். முகத்துக்கும் குழந்தைக்கும் வேண்டாம். சீவி உருக்கிப் புதுக் கலவையோடு சேர்ப்பது மட்டும் கூடவே கூடாது, காறலை விதையாகத் தூவுவதற்குச் சமம்.

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலிலோ அன்னதானத்திலோ வடை பொரித்து மிஞ்சிய எண்ணெயில் சவர்க்காரம் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அந்த எண்ணெய் ஏற்கெனவே பாதி வழி காறியது. நல்ல நோக்கம், ஆனால் குளிக்கும் கட்டியாக ஆக்க ஆசைப்படாதீர்கள். துணிகளை வைத்து நன்றாக வடிகட்டி, சூப்பர்ஃபேட்டை 2க்குள் வைத்து, துவைக்கும் கட்டியாகச் செய்து சில மாதங்களில் தீர்த்துவிடுவதே முறை.

அறிகுறி: மேலே நீர் முத்துகள், கை வைத்தால் பிசுபிசுப்பு

இங்கேதான் ஊர் ஈரத்தைத் தாராளமாகத் திட்டலாம். எண்ணெய் சவர்க்காரமாகும்போது கிளிசரினும் பிறக்கிறது. அது காற்றிலுள்ள நீரை இழுக்கும் பொருள். வெளியே மழை பிடித்துக்கொண்டால் கட்டியின் மேல் பனி போல நீர் பூக்கும். உப்பு, சர்க்கரை, தேன் சேர்த்த கட்டிகளில் இன்னும் அதிகம். கட்டி கெட்டுவிடவில்லை. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறியை நேராக அடிக்காமல் அறைக் காற்று சுழலும்படி வைத்தால் போதும்.

பலரும் கவனிக்காத காரணம் குளிர்சாதனம். இரவு முழுக்க ஏர்கோன் ஓடும் படுக்கையறையில் கட்டிகளை வைத்துவிட்டு, காலையில் அதை அணைத்து ஜன்னலைத் திறக்கிறோம். குளிர்ந்த கட்டியின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிகிறது, நாள்தோறும் இது நடக்கிறது. அந்த அறையைவிட எப்போதும் ஒரே வெப்பத்தில் இருக்கும் சாதாரணக் கூடம் நல்லது. ஜெலுத்தோங், பாயான் பாரு பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் துணி காயப்போடும் பின்கட்டில் வைப்பவர்களும் உண்டு. ஈரத்துணிக்குப் பக்கத்தில் கட்டி காயவே காயாது.

சிறிய ஈரமானி ஒன்று வாங்கி வையுங்கள், விலை அதிகமில்லை. 60 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஊற்றும்போதே தண்ணீரைக் குறைக்கலாம். பல செய்முறைகளில் காஸ்டிக் சோடாவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் தண்ணீர் சொல்வார்கள். இரண்டு மடங்கே போதும், கட்டியும் சீக்கிரம் காயும். காய்ந்ததா என்பதை நாள்காட்டி சொல்லாது, தராசு சொல்லும். ஒரே கட்டியை வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் பக்குவம் வந்துவிட்டது. மழைக்காலத்தில் இது எட்டு வாரம்கூடப் போகும்.

அறிகுறி: கட்டி முழுக்க ஒரே சீராகப் பழுப்பு, சிக்கு வாடை இல்லை

மணத்தைப் பாருங்கள். வெனிலா, கேரமல், சில இனிப்பு மண எண்ணெய்களில் வெனிலின் இருக்கும். அது காற்று பட்டுப் பழுக்கும், முதலில் வெளித்தோல், பிறகு உள்ளே. வெட்டினால் நடுவில் வெளிறித் தெரியும். அந்த முகமும் சில நாளில் கருக்கும். வாங்கும்போதே வெனிலின் அளவைக் கேளுங்கள். 1 அல்லது 2 விழுக்காடு என்றால் பாலேடு நிறம், 5க்கு மேல் போனால் நல்ல பழுப்பு. டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறத்தூளைக் கொட்டி மறைக்கப் பார்ப்பது வீண். பாதிக் கலவைக்கு மட்டும் மணம் சேர்த்து இரு நிறமாக ஊற்றலாம், ஆனால் வெனிலின் பக்கத்து வெள்ளை அடுக்குக்கும் மெல்ல ஊரும். பேசாமல் காப்பி நிறமாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

மணம் காரணம் இல்லையென்றால் சந்தான், அதாவது தேங்காய்ப்பால். தேங்காய்ப்பாலிலும் ஆட்டுப்பாலிலும் உள்ள சர்க்கரை, காஸ்டிக் சோடாவின் சூட்டில் கருகி ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் போகும். சந்தானை ஐஸ் கட்டியாக உறையவைத்து, காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரையுங்கள். அதைவிடச் சுலபமான வழி, காஸ்டிக் சோடாவை அதன் எடைக்குச் சமமான தண்ணீரில் கரைத்துவிட்டு, மீதித் தண்ணீருக்குப் பதிலாகச் சந்தானை எண்ணெயில் சேர்ப்பது. ஊற்றிய அச்சைத் துண்டு போட்டு மூடாமல் ஓர் இரவு குளிர்ப்பெட்டியில் வையுங்கள். முதல் சில நாள் அமோனியா வாடை வரலாம், தானே போய்விடும்.

அறிகுறி: இயற்கை நிறம் மாறிவிட்டது, வெளுத்துவிட்டது

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தித் தட்டில் சிவப்பு வருவது நமக்குப் புதிதல்ல. காஸ்டிக் சோடாவும் சுண்ணாம்பைப் போலக் காரம்தான். அதனால் கலவையில் மஞ்சள் போட்டதும் செங்கல் நிறமாகிப் பலரும் பதறிவிடுகிறார்கள். காரம் தணியத் தணிய அது ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்குத் திரும்பும். பிரச்சினை அதற்குப் பிறகு. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தைத் தாங்காது. ஜன்னலோரம் வைத்த கட்டி ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பது இதனால்தான். இருட்டான அலமாரி கொஞ்ச காலம் காப்பாற்றும், நிரந்தரமாக அல்ல.

சங்குப்பூ இன்னொரு ஏமாற்றம். நியோஞா பலகாரத்துக்கு அழகான நீலம் தரும் பூ, காரத்தில் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் மங்கிய பழுப்பில் வந்து நிற்கும். எவ்வளவு அதிகமாகப் போட்டாலும் நீலம் வராது. செம்பருத்திச் சிவப்பும் இப்படியே சாம்பல் கலந்த பழுப்பாகும். பாண்டான் சாறு, வேப்பிலைத்தூள் இரண்டின் பச்சையும் முதல் வாரம் மனத்தை மயக்கிவிட்டுப் பிறகு காய்ந்த இலை நிறத்துக்குப் போகும். இவை எதுவும் கெட்டுப்போன அடையாளம் அல்ல, சவர்க்காரம் நன்றாகவே இருக்கிறது.

நிறம் நிலைக்க வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டியும் அவுரித்தூளும் கேளுங்கள். மஞ்சிட்டி இளஞ்சிவப்பிலிருந்து செம்மை வரை தரும், அவுரி நீலம் தரும், இரண்டும் காரத்துக்கு அசைந்து கொடுக்காதவை. பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, கறுப்புக்கு மரக்கரித்தூள்.

மேலே அலங்காரத்துக்குத் தூவும் ரோஜா இதழ், மல்லிகை எல்லாம் சில நாளில் பழுத்து அழுக்குப் போலத் தெரியும். சாமந்தி வகையைச் சேர்ந்த காலெண்டுலா இதழ் மட்டும் மஞ்சளாகவே நிற்கும்.

அறிகுறி: பூஞ்சை

நன்றாகக் காய்ந்த சவர்க்காரத்தின் காரத்தில் பூஞ்சைக்குப் பிழைப்பு கிடையாது. ஆகவே பூஞ்சை தெரிந்தால் அது சவர்க்காரத்தில் இல்லை, அதில் ஒட்டியிருக்கும் வேறொன்றில் இருக்கிறது: பச்சை இலைத் துண்டு, அரைத்த பப்பாளி, கற்றாழைச் சதை, மேலே பதித்த பூ, அல்லது அடியில் விரித்த அட்டைப்பெட்டி. பழச்சாறு வேண்டுமென்றால் நன்றாக அரைத்து வடிகட்டித் தண்ணீரின் பங்கிலிருந்து கழித்துச் சேருங்கள், துண்டாகப் போடாதீர்கள். அட்டைக்குப் பதில் துளையுள்ள பிளாஸ்டிக் கூடையும் அதில் ஒரு பேக்கிங் தாளும் போதும். கட்டிக்குக் கட்டி ஒரு விரல் இடம் விட்டு, வாரம் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

அறிகுறி: வெள்ளைத் தூள், நடுவில் இருண்ட வட்டம்

மேற்பரப்பில் மட்டும் மாவு பூசியது போல இருந்தால் சோடா சாம்பல். எண்ணெயோடு இன்னும் வினைபுரியாமல் நின்ற காஸ்டிக் சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாவது. ஆவி காட்டியோ ஈரத்துணியால் துடைத்தோ எடுத்துவிடலாம். அடுத்த முறை ஊற்றியதும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். நடுவில் இருண்ட வட்டம், ஓரத்தில் வெளிர் நிறம் என்றால் சூடு நடுவில் மட்டும் ஏறி நின்றுவிட்டது. முழுக்கத் துண்டால் போர்த்தி எல்லாவற்றையும் சூடாக்குங்கள், இல்லையேல் குளிர்ப்பெட்டியில் வைத்து எதையும் சூடாக விடாதீர்கள். இரண்டுமே பார்வைக் குறைதான்.

அறிகுறி: வெட்டினால் உள்ளே வெள்ளைக் கட்டி, ஓட்டையில் திரவம், தொட்டால் எரிச்சல்

இதை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். வினைபுரியாத காஸ்டிக் சோடா உள்ளே தங்கியிருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈர விரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் லேசாகத் தொட்டால், மின்கலத்தை நக்கியது போலச் சுரீர் என்றால் இன்னும் காரம் மிச்சம். சில நாளே ஆன கட்டி என்றால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி சோதியுங்கள். திரவம் கசிந்தாலோ, வாரங்கள் கழிந்தும் சுரீர் என்றாலோ காரணம் எடைக் கணக்கிலோ கலக்கியதிலோ இருக்கிறது. சமையல் கரண்டி அளவையெல்லாம் இந்த வேலைக்கு உதவாது, ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும்.

அறிகுறி: அலமாரியில் நன்றாக இருந்தது, சுற்றி வைத்த பிறகு கெட்டது

எடை இறங்கி முடியும் முன்பே பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியிருப்பீர்கள். உள்ளே மிச்சமிருந்த நீர் வெளியேற வழியில்லாமல் உறைக்குள் வியர்த்து நிற்கும். தீபாவளிப் பரிசுக்கு என்று அக்டோபர் மழையில் செய்து அவசரமாகப் பெட்டி கட்டும் கட்டிகளில் இது அதிகம். தீபாவளிக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே ஊற்றிவிடுங்கள். சுற்றுவதற்குத் தாள் பட்டை போதும், இரு முனையும் திறந்தே இருக்கட்டும். காசுக்கு விற்பதாக இருந்தால் குளியல் சவர்க்காரமும் மலேசியச் சட்டப்படி ஒப்பனைப் பொருள்தான். விற்பனைக்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையான என்.பி.ஆர்.ஏ.விடம் அறிவிக்கை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஊற்றிலும் ஒரு கட்டியைக் கொடுக்காமல் உங்களிடமே நிறுத்தி வையுங்கள். வாங்கியவர் மூன்று மாதம் கழித்து "புள்ளி வந்திருக்கு அக்கா" என்று படம் அனுப்பினால், உங்கள் அலமாரியில் இருக்கும் அதே ஊற்றுக் கட்டியை எடுத்துப் பாருங்கள். அதிலும் புள்ளி இருந்தால் எண்ணெய். இல்லையென்றால் அவர் வீட்டுக் குளியலறையில் சவர்க்காரம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்.